'ஏ' ரயிலும் பதினைந்து வாத்தியங்களும்



மேல்நாட்டு வாத்திய இசை என்றதும், "ஒரே இரைச்சல், எதைக் கேட்பதென்றே தெரியவில்லை" என்பார் நம்மில் பலர். பதினைந்து பேர் ஒரே சமயத்தில் ஊதியும் தட்டியும் வாசித்தால் முதலில் அப்படித்தான் தோன்றும். யார் பேசுகிறார், யார் பதில் சொல்கிறார் என்று பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால், அந்த இரைச்சலே உரையாடலாகக் கேட்கும். இதற்கு எடுத்துக்காட்டாக ஓர் இசைத்தட்டைப் பார்ப்போம். அமெரிக்கக் கறுப்பின இசைமேதை டியூக் எலிங்டனின் குழு 1941 பிப்ரவரி 15ஆம் நாள் பதிவு செய்த 'டேக் தி ஏ டிரெய்ன்'. 'ஏ ரயிலில் ஏறுங்கள்' என்று பொருள். மூன்று நிமிடம்கூட ஓடாத தட்டு.

இது வெளிவரக் காரணமாக இருந்தது ஒரு கட்டணத் தகராறு. ஒரு பாட்டை ஒலிபரப்பினால் அதை இயற்றியவருக்குத் தொகை செலுத்த வேண்டும். அத்தொகையைத் திரட்டும் ஆஸ்காப் என்னும் சங்கம் கட்டணத்தை உயர்த்தியது. வானொலி நிலையங்கள் மறுத்துவிட்டன. 1941 ஜனவரி முதல் நாளிலிருந்து அச்சங்கத்தாரின் பாடல்கள் அமெரிக்க வானொலியில் ஒலிக்கவில்லை. எலிங்டன் அச்சங்கத்தின் உறுப்பினர். தாம் இயற்றிய எதையும் வானொலியில் வாசிக்க முடியாத நிலை அவருக்கு! வானொலி இல்லாவிட்டால் தட்டும் விற்காது, கூட்டமும் வராது. பதினைந்து பேரின் பிழைப்பு அதில் அடங்கியிருந்தது.

சங்கத்தில் சேராத இருவர் அவர் அருகில் இருந்தனர். ஒருவர் மகன் மெர்சர். மற்றவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். ஸ்ட்ரேஹார்ன் 1915இல் பிறந்தவர். பிட்ஸ்பர்க் நகரில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே இசை பயின்ற ஏழை இளைஞர். 1938 டிசம்பரில் எலிங்டனைச் சந்தித்துப் பியானோ வாசித்துக் காட்டினார். நியூயார்க்குக்கு வரச் சொன்ன எலிங்டன், தம் வீட்டுக்கு எந்த ரயிலில் ஏறி வரவேண்டும் என்று வழியும் சொல்லி அனுப்பினார். அந்த வழிக்குறிப்புதான் இந்தத் தலைப்பு. எழுதிய தாளை ஸ்ட்ரேஹார்ன் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார் என்றும், தாம்தான் அதை எடுத்துக் காப்பாற்றியதாகவும் மெர்சர் பின்னாளில் சொன்னார்.

'ஏ' ரயில் என்பது நியூயார்க்கில் 1932 முதல் ஓடும் சுரங்கப் பாதை வண்டி. அது ஹார்லம் பகுதிக்குப் போகும். தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பினக் குடும்பங்கள் பிழைப்பும் மரியாதையும் தேடி வடக்கே வந்தபோது, அவர்களில் பலர் குடியேறிய இடம் ஹார்லம். அவர்களுக்கு 'ஏ' ரயில் வீட்டுக்குப் போகும் வண்டி.

இனி இசைக்கு வருவோம். ரயில் என்றதும் 'கூ' என்ற ஊதலையும் சக்கரச் சத்தத்தையும் எதிர்பார்க்காதீர்கள். அந்த வித்தையை எலிங்டன் 1933இல் 'டேபிரேக் எக்ஸ்பிரஸ்' என்ற படைப்பில் செய்து முடித்துவிட்டார். இங்கே இருப்பது பயணத்தின் உற்சாகம் மட்டும். என் செவிக்கு இதுதான் உயர்ந்த வேலை.

முதலில் பியானோ மட்டும் சில நொடிகள். ஸட்ஜம் எங்கே இருக்கிறது என்று பிடிபடாத சுரங்கள். பிறகு ஐந்து சாக்ஸபோன்கள் ஒரே குரலாக மெட்டைத் தொடங்குகின்றன. இந்த மெட்டின் அடிப்படைச் சுரங்கள் நம் சங்கராபரணத்தின் சுரங்களே. ஆனால் முதல் அடி போய் நிற்கும் நீண்ட சுரத்தைக் கவனியுங்கள். பஞ்சமத்துக்கு அரைச் சுரம் மேலே, சங்கராபரணத்தில் இடமில்லாத சுத்த தைவதத்தில் நிற்கிறது! கேட்பவர் மனம் "அடுத்து என்ன?" என்று முன்னே சாய்கிறது. அடுத்த சொற்கட்டு நம்மைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த ஒரு சுரத்தை எடுத்துவிட்டால் மெட்டு சாதாரணமாகிவிடும்.

சாக்ஸபோன்கள் மூச்சு விடும் இடைவெளியில் டிரம்பெட்டுகளும் டிரம்போன்களும் சுருக்கமாகப் பதில் சொல்கின்றன. நடவு வேலையில் ஒருத்தி பாட மற்றவர்கள் ஏற்றுப் பாடுவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மெட்டுக்கு நான்கு பகுதி. முதல், இரண்டு, நான்கு ஒன்றே. மூன்றாவது மட்டும் மத்திமத்தை வீடாகக் கொண்டு வெளியே உலாவித் திரும்புகிறது. அடியில் ஜிம்மி பிளாண்டனின் பெரிய தந்தி வாத்தியம் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரம் வைத்து நடந்துகொண்டே இருக்கும். அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. மறு ஆண்டே காசநோயால் மறைந்தார்.

இரண்டாம் சுற்றில் ரே நான்ஸ், டிரம்பெட்டின் வாயை அடைத்துத் தனித்து வாசிக்கிறார். பழைய டிரம்பெட் கலைஞர் கூட்டி வில்லியம்ஸ் விலகியதால் 1940இல் சேர்ந்தவர் அவர். அந்தத் தனி வாசிப்பு அவ்வளவு நன்றாக அமைந்ததால், பின்னால் வந்த பலர் அதையும் மெட்டின் ஒரு பகுதியாகவே வைத்து வாசித்தார்கள்.

அது முடிந்ததும் நான்கு ஆவர்த்தம், நான்கு தட்டுத் தாளம் மூன்று தட்டுப் போல மாயம் காட்டுகிறது. அந்த மயக்கத்திலேயே சுருதி ஒரு கட்டையிலிருந்து இரண்டரைக் கட்டைக்கு ஏறிவிடுகிறது. ஆர்மோனியம் வாசிப்பவர்களுக்கு இது உடனே புரியும். வண்டி மேட்டில் ஏறியது போல் இருக்கும். மூன்றாம் சுற்றில் சாக்ஸபோன்களும் அடைப்பு நீக்கிய டிரம்பெட்டும் மாறி மாறிப் பேசுகின்றன.

இதுவே எலிங்டன் குழுவின் அடையாள இசையாகி, அவர் 1974இல் மறையும் வரை நீடித்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஜாஸ் நிகழ்ச்சிக்கும் 1955 முதல் இதுதான் முகப்பு இசையாக இருந்தது. சிற்றலையில் உலகெங்கும் கேட்டவர்கள் எலிங்டன் எழுதியதென்றே நம்பினார்கள். இன்றும் அப்படிச் சொல்பவர் உண்டு. எழுதியவர் ஸ்ட்ரேஹார்ன். அவர் 1967இல் காலமானார்.

தட்டைக் கேட்கும்போது முடிவைத் தவறவிடாதீர்கள். கடைசிப் பகுதியை மூன்று முறை வாசிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒலி தணிகிறது. நிலையத்தைத் தாண்டி வண்டி தூரப் போவது போல.