மூன்று நாள் பாசறையும் உறையாத குருதியும்

உடுப்பிட்டியில் இருக்கும் என் அக்காவின் மகனுக்கு 12 வயது. ஓகஸ்ட் விடுமுறைக்கு முன்னர் ஒருநாள் பாடசாலையில் இருந்து ஒரு கடிதம் கொண்டு வந்தான். கிளிநொச்சிப் பக்கம் மூன்று நாள் சாரணர் பாசறை. கூடாரத்தில்தான் படுக்கை, சமையலும் அவர்களேதான். பெற்றோர் கையெழுத்து வைக்கும் இடத்துக்கு மேலே ஒரு வரி இருந்தது: ‘பிள்ளைக்கு ஏதாவது நோய் இருப்பின் குறிப்பிடவும்.’

அந்தக் கடிதம் மூன்று நாட்களாக ரீவி மேசைக்குக் கீழே கிடந்தது. காம்ப் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மம்மா ஆமிக் காம்ப் என்று நினைத்துப் பதறினார். அக்காவின் பதற்றம் வேறு. அவளுக்குப் பாசறையைவிட அந்த ஒரு வரிதான் பயம்.

அவனுக்கு ஹீமோபீலியா. பாடசாலையில் ஒருவருக்கும் அது தெரியாது.

வேகமாக அல்ல, அதிக நேரம்

காயம் பட்டால் குருதி உறைவதற்கு உடலில் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யவேண்டும். உறைதல் காரணிகள் என்று அவற்றைச் சொல்வார்கள். எட்டாவது காரணி குறைந்தால் அது ஹீமோபீலியா ஏ வகை, ஒன்பதாவது குறைந்தால் பி வகை. ஏ வகை ஏறத்தாழ 5000 ஆண் பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது. பி வகை அதைவிடப் பல மடங்கு அரிது.

சாதாரணமானவர்களின் காரணி அளவை 100 வீதம் என்று வைத்துக்கொண்டால், 5 வீதத்துக்கு மேல் 40 வீதத்துக்குள் இருப்பது இலேசான நிலை, 1 முதல் 5 வீதம் வரை நடுத்தரம், 1 வீதத்துக்கும் கீழே கடுமையான நிலை. எங்கள் பிள்ளை கடைசி வகை. தவழத் தொடங்கிய பத்தாவது மாதத்தில் முழங்காலிலும் நெஞ்சிலும் நீலம் நீலமாகக் கண்டியது. “பிள்ளைக்கு அடிக்கிறியளோ?” என்று அயலில் கேட்டார்கள். அதன் பிறகுதான் பரிசோதனை செய்து கண்டுபிடித்தார்கள்.

இந்த நோயைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. சின்னக் கீறல் பட்டாலே குருதி பீறிட்டு உயிர் போய்விடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இவர்களுக்கு மற்றவர்களைவிட வேகமாகக் குருதி வடிவதில்லை. அதிக நேரம் வடிகிறது, அவ்வளவுதான். கையில் பட்ட சின்ன வெட்டைத் துணியால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். உண்மையான ஆபத்து வெளியே தெரியாமல் உள்ளே கசிவது. முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் திரும்பத் திரும்பக் கசிந்தால் மூட்டின் உட்சவ்வு வீங்கி, குருத்தெலும்பு அரிபட்டு, பிள்ளை இளம் வயதிலேயே நொண்ட வேண்டி வரும். தலை, தொண்டை, வயிறு ஆகியவற்றுக்குள் கசிந்தால் அது உயிருக்கே ஆபத்து.

ஏன் மறைத்தோம்

இதில் என் பங்கும் இருக்கிறது. அவனுக்கு நோய் கண்டுபிடித்த காலத்தில் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹீமோபீலியா எக்ஸ் நிறமூர்த்தத்தின் வழியே கடத்தப்படுவது. தாய் காவியாக இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 வீத வாய்ப்பு உண்டு, ஒவ்வொரு மகளும் காவியாக இருக்கவும் அதே 50 வீத வாய்ப்பு உண்டு. அக்காவுக்கு இருந்தால் தங்கச்சிக்கும் இருக்கலாம் என்று கணக்குப் போட யாருக்கும் அதிக நேரம் எடுக்காது. “இப்ப ஒருத்தருக்கும் சொல்லாத” என்று அம்மா அக்காவுக்குச் சொன்னார். அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால் குழம்பிப் போனது. சொல்லாமல் விட்டது மட்டும் அப்படியே தொடர்ந்தது.

அம்மம்மாவின் தம்பி ஒருவர் 1950களில், பதினோரு வயதில், பல் விழுந்த இடத்தில் குருதி நிற்காமல் இறந்துபோனார். செய்வினை என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். அன்று மருத்துவமும் அவருக்குப் பெரிதாக எதையும் செய்திருக்க முடியாது. உறைந்த குருதித் திரவவிழையத்தை மெதுவாக இளகவைத்தால் எட்டாவது காரணி செறிந்த ஒரு படிவு கிடைக்கிறது என்று அமெரிக்காவின் ஜூடித் பூல் கண்டறிந்தது 1960களின் நடுப்பகுதியில்தான். அதன் பிறகே சாதாரண வைத்தியசாலையிலும் இதற்குச் சிகிச்சை கிடைக்க வழி பிறந்தது. இன்று தூளாக வரும் காரணி மருந்தைக் கரைத்து நரம்பில் ஏற்றினால் போதும். அம்மம்மாவின் தம்பியைப் பறித்த நோயோடு ஒரு பிள்ளை இன்று படிக்கலாம், விளையாடலாம், வேலைக்குப் போகலாம். நிலைமை இவ்வளவு மாறிய பின்னரும் எங்கள் வீட்டில் பழைய பயம்தான் இருந்தது.

அதன் விலையைக் கொடுத்தவன் பிள்ளை. சென்ற வருடம் பாடசாலையில் ஓடும்போது முழங்கால் மடங்கி விழுந்திருக்கிறான். சொன்னால் அம்மா ஏசுவா என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்தநாள் காலையில் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. இரண்டு கிழமை பாடசாலை போகவில்லை.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். மூட்டுக்குள் குருதி கசியத் தொடங்கும்போது வெளியே எதுவும் தெரியாது. உள்ளே ஒரு கூச்சம், இலேசான சூடு, மடக்க ஒரு இறுக்கம், அவ்வளவுதான். வீக்கமும் வலியும் பிறகுதான் வரும். காரணி மருந்தை முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் பாதிப்பு மிகக் குறைவு. அந்த முதல் அறிகுறி தெரிவது பிள்ளைக்கு மட்டும்தான். அவன் வாய் திறந்து சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளையிடம்தான் நாங்கள் பத்து வருடத்துக்கு மேலாக “சொல்லாத” என்று சொல்லி வந்திருக்கிறோம்.

சேரிடம் போனோம்

நாலாவது நாள் அக்காவும் நானும் சாரணர் பொறுப்பாசிரியரைப் பார்க்கப் போனோம். கேட்டதும் அவர் முகம் மாறியது. “ஏதும் நடந்தால் நாங்கள்தானே அம்மா பதில் சொல்ல வேணும்? இந்த முறை விடுங்கோவன்” என்றார். அவரில் கோபப்பட ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடம் மறைத்துவிட்டு ஒரு மணித்தியாலத்தில் நம்பச் சொல்ல முடியாது.

கிளினிக் வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு திரும்பவும் போனோம். ஒரு பக்கம்தான். நோயின் பெயர், கடுமை, பிள்ளையின் நிறை, குருதி வகை, மருந்தின் பெயர், எத்தனை அலகு, மருந்தை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் அவனுக்கு உண்டா இல்லையா என்பவை அதில் இருந்தன. கடைசி விடயம் முக்கியம். கடுமையான ஏ வகைக்காரரில் ஏறத்தாழ 30 வீதமானவர்களுக்கு அப்படி எதிரிகள் உருவாகின்றன, அவர்களுக்குச் சாதாரண மருந்து வேலை செய்யாது. கீழே செய்யக்கூடாதவை: தசையில் ஊசி போடக்கூடாது, அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினக் கொடுக்கக்கூடாது, காய்ச்சலுக்கும் வலிக்கும் பரசிற்றமோல் மட்டும். கடைசி வரியை வைத்தியர் கோடிட்டிருந்தார்: ‘தலையில் அடிபட்டால் முதலில் காரணி மருந்து, பிறகு ஸ்கேன்.’

சேர் அதை இரண்டு தரம் வாசித்தார். “இதை எனக்கு ஒரு பிரதி தாங்கோ” என்றார். அவர் சம்மதித்துவிட்டார் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

மருந்தின் கணக்கும் பாசறையின் அட்டவணையும்

வைத்தியர் சொல்லித்தந்த ஒரு கணக்கு பாசறை அட்டவணையையே மாற்றியது. எட்டாவது காரணியில், உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு ஒரு அலகு கொடுத்தால் குருதியில் அதன் அளவு ஏறத்தாழ 2 வீதம் உயரும். 40 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 1000 அலகு ஏற்றினால் 50 வீதம் வரை வரும். ஆனால் அது நிலைத்து நிற்காது. சுமார் 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும். சிறு பிள்ளைகளில் இன்னும் வேகமாகக் குறையலாம்.

முதல் நாள் காலை 6 மணிக்கு ஏற்றினால், அன்று மாலை 25 வீதம். இரண்டாம் நாள் காலை 12 வீதம் அளவில். அன்று மாலை 6 வீதம். மூன்றாம் நாள் காலை 3 வீதம்.

இதைச் சேரிடம் ஒரு தாளில் எழதிக் காட்டினோம். கயிற்றில் ஏறுவது, தடை தாண்டும் ஓட்டம் இரண்டும் மூன்றாம் நாளில் இருந்தன. அவற்றை முதல் நாள் முற்பகலுக்கு மாற்றினார். முடிச்சுப் போடுதல், முதலுதவி வகுப்பு, சமையல் என்பவை கடைசி நாளுக்குப் போயின. மற்றப் பிள்ளைகளுக்கு இதில் எந்த நட்டமும் இல்லை.

எல்லோருக்கும் இதே கணக்கு பொருந்தாது. பி வகைக்கான மருந்து இதைவிட அதிக நேரம் நிற்கும். 2017 முதல் பாவனைக்கு வந்த எமிசிசுமாப் என்ற மருந்து தோலுக்குக் கீழே கிழமைக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ போடப்படுவது, அதன் அளவு இப்படி ஏறி இறங்குவதில்லை. எந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து, எவ்வளவு என்பதை அவனது வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

பையில் என்ன இருந்தது

இரண்டு குப்பி காரணி மருந்து, கரைக்கும் நீர், ஊசிகள். 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டியவை என்பதால் றெஜிபோம் பெட்டியில், ஐஸ் நேரடியாக முட்டாமல் துணி சுற்றி வைத்தோம். மருந்து உறைந்தால் பழுதாகிவிடும். வாயில், மூக்கில் குருதி வந்தால் கொடுக்க வைத்தியர் தந்த திரனெக்சமிக் அமிலக் குளிசை. சிறுநீரில் குருதி போனால் அதைக் கொடுக்கக்கூடாது என்று உறையில் எழுதி ஒட்டினோம். சுற்றுப் பட்டி, முழங்கால் உறை, கணுக்காலை மூடும் சப்பாத்து, மெதுவான பல்துலக்கி. இரவில் கூடாரக் கயிறு தடக்காமல் இருக்க ஒரு ரோர்ச்.

கழுத்தில் தொங்கும் அட்டையில் நோயின் பெயரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதினோம். வடக்கில் 2018 ஜூலை முதல் 1990 இலவச அம்புலன்ஸ் சேவை இருக்கிறது. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலை எவ்வளவு தூரம் என்றும், இரவில் வாகனம் யாரிடம் இருக்கிறது என்றும் சேர் முன்கூட்டியே விசாரித்து வைத்தார்.

இவ்வளவும் ஒரு பின்னேரத்தில் முடிந்த வேலை. அதிக நாள் எடுத்தது பிள்ளையைத் தயார்படுத்தத்தான். ஒவ்வொரு நாளும் படுக்கப் போகமுன் கேட்டோம்: “கால் கூசினால் என்ன செய்வாய்?” முதல் கிழமை “பேசாமல் இருப்பன்” என்றான். பிறகு “இருப்பன், ஐஸ் வைப்பன்” என்றான். “சேரிட்டச் சொல்லுவன்” என்று அவன் வாயில் வரப் பத்து நாள் ஆனது.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. நடிகர் போல் நியூமன் 1988இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தொடங்கிய பாசறைக்குப் புற்றுநோயும் ஹீமோபீலியா போன்ற குருதி நோய்களும் உள்ள பிள்ளைகள் வருகிறார்கள். அதே வழியில் 1994இல் அயர்லாந்தில் பாரட்ஸ்ரவுன் தொடங்கியது. அமெரிக்காவில் ஹீமோபீலியா பிள்ளைகளுக்கென்று நடக்கும் பாசறைகளில், முதன்முறையாகத் தன் நரம்பில் தானே மருந்து ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்குப் பரிசு கொடுப்பது ஒரு வழக்கம். வீட்டில் தாய் செய்ய விடாததை அங்கே வயதொத்த பிள்ளைகளைப் பார்த்துச் செய்துவிடுகிறார்கள். எங்களிடம் அப்படித் தனிப் பாசறை இல்லாவிட்டாலும், சாரணர் பாசறை இருக்கிறது.

பெண்களுக்கும்

இந்த ஓட்டத்தில் நானும் ஒரு பரிசோதனை செய்துகொண்டேன். என் எட்டாவது காரணி 34 வீதம். காவிகளில் சிலருக்கு அளவு இப்படிக் குறைந்திருக்கும், 40 வீதத்துக்குக் கீழே என்றால் அதுவும் இலேசான ஹீமோபீலியாதான். மாதவிடாயில் எட்டு, ஒன்பது நாள் படும் பாட்டை என் உடல்வாகு என்று இருபது வருடம் நினைத்திருந்தேன். பல் பிடுங்க, சத்திரசிகிச்சை செய்ய, பிள்ளை பெறப் போகும் முன் வைத்தியரிடம் சொல்லவேண்டிய விடயம் இது. என் கலியாணத்துக்காக மறைத்த நோய் எனக்குள்ளேயும் இருந்திருக்கிறது.

இரண்டாம் நாள் மாலை

பாசறையின் இரண்டாம் நாள் மாலை ஆறரை மணிக்குச் சேர் அழைத்தார். அக்கா போனை என்னிடம் தந்துவிட்டுச் சுவரோடு இருந்துவிட்டாள். விறகு தூக்கும்போது கணுக்கால் பிரண்டிருக்கிறது. வீக்கம் இல்லை, நொண்டவில்லை. ஆனால் உள்ளே கூசுகிறது என்று அவனே வந்து சொல்லியிருக்கிறான். ஐஸ் வைத்து, பெட்டியையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போய்விட்டார்கள். ஏழரைக்கு மருந்து ஏற்றி முடிந்தது. அன்றிரவு பாசறைத் தீயைச் சுற்றி மற்றவர்கள் ஆட, அவன் கதிரையில் காலை நீட்டியபடி இருந்து பாடியிருக்கிறான்.

இரவு ஒன்பது மணிக்கு அவனே கதைத்தான். அக்கா என்ன கேட்பது என்று தெரியாமல் “சாப்பிட்டியா?” என்றாள். பிறகு என்னிடம் போன் வந்தது.

“சித்தி, நான் சேரிட்டச் சொல்லிப்போட்டன்.”

கணுக்கால் வீங்கவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை அவன் பாடசாலைக்குப் போனான். இப்போது அவன் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.