தோல் ஏடும் திரை விளையாட்டும்

ஐரோப்பாவின் வடபாலுள்ள நோர்வே, டென்மார்க்கு, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் முற்காலத்து வாழ்ந்தோர் ஓடின், தோர் முதலிய தெய்வங்களை வழிபட்டனர். கி. பி. 1000 அளவில் ஐஸ்லாந்து மக்கள் கிறித்துவ சமயத்தைத் தழுவவே, அவ்வழிபாடு மெல்ல மறைந்தது. தெய்வக் கதைகளோ மறைந்தில. பழைய கவிகளின் பொருளை உணர்தற்கு அக்கதைகள் வேண்டப்பட்டமையின், 1220 அளவில் ஸ்னொர்ரி என்னும் அறிஞர், கவி பாடக் கற்போர்க்கென இயற்றிய நூலொன்றில் அவற்றைத் தொகுத்துரைத்தார். 1270 அளவில், பெயர் அறியப்படாத ஒருவர், தெய்வங்களையும் வீரர்களையும் பற்றிய பழம்பாடல்களைக் கன்றுத்தோல் ஏட்டில் எழுதிவைத்தார்.

இக்கதைகளை அடியாகக் கொண்டு எழுந்த கணினி விளையாட்டுக்களுள் ‘ரூண்’ என்பதும் ஒன்று. அமெரிக்காவில், விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரில் இயங்கிய ‘ஹியூமன் ஹெட்’ என்னும் குழுவினர் ஆக்கிய இது, 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. வஞ்சகத் தெய்வமாகிய லோக்கியை, ஓடினின் மந்திரக் கற்கள் பிணித்து வைத்திருக்கின்றன. கொன்ராக் என்னும் தலைவன் லோக்கியின் பக்கஞ் சேர்ந்து அக்கற்களைத் தகர்க்க முற்படுகிறான். அவனாற் கடலில் மூழ்கி மாண்ட ராக்னார் என்னும் இளவீரனை ஓடின் உயிர்ப்பிக்கின்றான். அவ்வீரன் பாதலத்து இருள்வழிகளூடே வாளும் கோடரியும் ஏந்திப் போர்புரிந்து செல்வதே விளையாட்டாகும்.

மூலக்கதையோடு இதனை ஒப்புநோக்குதல் பயனுடையது. பழைய கதையில் லோக்கியைக் கட்டியது அவன் மகனின் குடர். தலைக்கு மேல் ஒரு பாம்பு நஞ்சைச் சொட்டுகின்றது. அவன் மனைவி சிகின் அதனைக் கிண்ணத்தில் ஏந்துகின்றாள். கிண்ணம் நிறைந்து, அவள் அதனைக் கொட்டச் செல்லுந்தோறும் நஞ்சு லோக்கியின் முகத்தில் விழ, அவன் துடிக்கின்றான். அத்துடிப்பே நிலநடுக்கம் எனப்பட்டது. முடிவில் அவன் கட்டறுத்து வருவான், தெய்வங்களும் மாய்வர். இதனை ஓடின் முன்னரே அறிவான். அறிந்தும் போருக்கு எழுவான். தோல்வி உறுதியென அறிந்தும் கடமை தவறாமையே அக்கதைகளின் உயிர்நிலை. போர் விளையாட்டிலோ ஆடுவோன் வெல்லுதல் வேண்டும். ஆதலின், தடுத்தற்கரிய ஊழ், வீரனொருவன் தடுக்க முயலும் சூழ்ச்சியாக மாறிற்று.

இன்று இதனை மீண்டும் ஆடுவோர்க்கு உருவங்கள் கரடுமுரடாகத் தோன்றும். எனினும், பாசறைகளும் குகைகளும் பழைய வடநாட்டுச் சூழலை நன்கு காட்டுகின்றன. பகைவரின் துண்டித்த கையையே ஆயுதமாக்கும் அளவுக்குக் கொடுமை மிக்கதாகலின், இது சிறார்க்கு ஏற்றதன்று.

விளையாட்டுக்களைப் பேணிக்காத்தல் இன்று அறிஞர் பலரின் கவலையாயுள்ளது. ‘ரூண்’ 2012 ஆம் ஆண்டில் புதுக்கி வெளியிடப்பட்டமையால் பிழைத்தது. அதன் இரண்டாம் பாகம் 2019 நவம்பரில் வெளிவந்த மறுநாளே ஹியூமன் ஹெட் நிறுவனம் மூடப்பட்டது. 2010 ஆம் ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுக்களுள் நூற்றுக்கு 87 விற்பனையில் இல்லை என 2023 ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. அத்தகையவற்றை நூலகங்கள் தொலைவிலுள்ள ஆராய்ச்சியாளர்க்கு இணையவழி வழங்கும் உரிமையை, 2024 ஆம் ஆண்டில் அந்நாட்டு அதிகாரிகள் மறுத்தனர்.

கன்றுத்தோல் ஏட்டைப் படிக்கக் கண்ணும் மொழியறிவும் போதும். விளையாட்டுக்கோ அதற்குரிய கருவியும் ஆணைத்தொகுதியும் உரிமையாளரின் இசைவும் ஒருங்கே வேண்டும். ஒன்று குறையினும் அது வெறுந்தட்டே. 1662 இல் டென்மார்க்கு மன்னர்க்கு அனுப்பப்பட்ட அத்தோல் ஏடு, 1971 ஏப்ரல் 21 இல் ஐஸ்லாந்துக்கு மீண்டபோது, ரெய்க்யவிக் துறைமுகத்தில் மக்கள் திரண்டு நின்று வரவேற்றனர். எழுநூறு ஆண்டுகளாக அதனைக் காத்தவர்கள், அதன் பயனை முன்கூட்டி அளந்து பார்த்தவர்களல்லர். விளையாட்டுத்தானே என்று இகழாது, இக்காலப் படைப்புக்களையும் காக்கும் உரிமையை நூலகங்களுக்கு வழங்குதல் அரசுகளின் கடனாகும்.