கேளாமல் தள்ளாதீர்! அடைக்கலம் மறுக்கப்பட்டோரும் நீதிமன்றமும்



நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாளாது முஸ்லிம்களில் ஒரு சாரார் செங்கடலைக் கடந்து அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களை மீட்டுவரக் குறைஷியர் தூதர் இருவரை அனுப்பினர். தூதர்கள் முதலில் அரசவையினரைப் பரிசுகளால் வசப்படுத்தி, அகதிகளை விசாரிக்காமலேயே ஒப்படைத்துவிடுமாறு மன்னர் நஜ்ஜாஷியிடம் கூறச் செய்தனர். மன்னர் இணங்கவில்லை. தம்மை நம்பி வந்தோரை அழைத்து, அவர்கள் தரப்பையும் கேட்ட பின்னரே தீர்ப்பளிப்பேன் என்றார். ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் எழுந்து பேசினார்கள். பரிசுகள் திருப்பித் தரப்பட்டன. அகதிகள் அங்கேயே தங்கினார்கள்.

மதரஸாச் சிறுவர்களும் அறிந்த இவ்வரலாற்றில் ஒரு நீதிநெறி அடங்கியிருக்கிறது: கேளாமல் எவரையும் தள்ளாதே. அந்நெறி மீறப்படும்போது நீதிமன்றத்தை நாடும் வழிக்கு நீதிப்புனராய்வு என்று பெயர். இது நமக்கு எதற்கு என எண்ணாதீர்கள். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் இலண்டனிலும் டொராண்டோவிலும் உறவினர் உள்ள இலங்கைக் குடும்பங்கள் உண்டு. கேளம்பாக்கத்தில் மியன்மாரிலிருந்து உயிர்தப்பி வந்த ரோகிங்கியாக் குடும்பங்களை நம்மில் பலர் நேரில் கண்டிருக்கிறோம்.

மேல்முறையீடு வேறு, புனராய்வு வேறு

பரீட்சையில் தவறிய மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். "என் விடைகளுக்கு மீண்டும் மதிப்பெண் இடுங்கள்" என்று அவன் கேட்டால் அது மேல்முறையீடு. "என் விடைத்தாளில் நான்கு பக்கங்கள் திருத்தப்படவே இல்லை, விதிப்படி மீண்டும் திருத்தச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அது புனராய்வு.

புனராய்வில் நீதிபதி அடைக்கலம் வழங்குவதில்லை. மறுத்த அதிகாரி சட்டப்படி நடந்தாரா? விண்ணப்பதாரரின் தரப்பைக் கேட்டாரா? அறிவுக்கு ஒவ்வாத முடிவை எடுத்தாரா? இவற்றையே அவர் ஆராய்வார். பிழை இருப்பின் அந்த மறுப்பாணை நீக்கப்படும். விண்ணப்பம் மீண்டும் அதிகாரியிடமே செல்லும். எனவே வழக்கில் வென்றவரும் அடைக்கலம் கிடைத்துவிட்டதாகக் கருதிவிடலாகாது.

ஆறு தமிழரின் வழக்கு

1987ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழர் அறுவர் பிரிட்டனில் அடைக்கலம் கோரினர். உள்துறை அமைச்சர் மறுத்தார். அவர்கள் நீதிப்புனராய்வு கோரினர். சட்ட நூல்கள் இதனைச் சிவகுமாரன் வழக்கு என்று குறிப்பிடும். அவ்வாண்டு அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அன்று அந்நாட்டின் இறுதி நீதிமன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை, டிசம்பர் 16 அன்று அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. விண்ணப்பதாரர் மனத்தில் அச்சம் இருப்பது மட்டும் போதாது. உண்மை நிலவரத்தைப் பார்க்கையில் துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்று அது விதித்தது.

1988 பிப்ரவரியில் அவர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே சிலர் துன்புறுத்தலுக்கும் ஆளாயினர். நாட்டை விட்டு அகற்றப்பட்ட பின்னரே மேல்முறையீடு செய்யலாம் என்பது அன்றைய பிரிட்டிஷ் சட்டம்! அம்மேல்முறையீட்டை விசாரித்த நடுவர், அவர்கள் அடைக்கலத்திற்கு உரியவர்களே என 1989இல் முடிவு செய்தார். அவ்வாண்டே அவர்கள் மீண்டும் பிரிட்டன் சென்றனர். அவர்களில் ஐவர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1991 அக்டோபர் 30 அன்று தீர்ப்பளித்தது. நீதிப்புனராய்வே போதிய பரிகாரம் என்று 7 நீதிபதிகள் கூற, இருவர் மாறுபட்டனர். ஆயினும் 1993ஆம் ஆண்டுச் சட்டம், அகற்றப்படுவதற்கு முன்பே மேல்முறையீடு செய்யும் உரிமையை அடைக்கலம் கோருவோருக்கு அளித்தது.

சிந்தியுங்கள்! முறை சரியா என்று பார்த்த நீதிமன்றத்தில் தோற்றவர்கள், உண்மையை முழுமையாக ஆராய்ந்த நடுவரிடம் வென்றார்கள். இடையில் கழிந்த மாதங்கள் உயிருக்கு ஆபத்தான மாதங்கள்.

கனடாவில் நேர்மாறாக நடந்தது. அங்கே நேரில் விசாரிக்காமல் எழுத்தின் பேரிலேயே மறுக்கப்பட்ட எழுவர், பெரும்பாலும் சீக்கியர், வழக்குத் தொடுத்தனர். 1985 ஏப்ரல் 4 அன்று கனடா உச்ச நீதிமன்றம், அத்தகையோரை நேரில் அழைத்துக் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிற்காலத்தில் அங்கு அடைக்கலம் கோரிய ஈழத்தமிழர் பல்லாயிரவர் இத்தீர்ப்பின் பயனை அடைந்தனர். நஜ்ஜாஷி மன்னர் கடைப்பிடித்த நெறியும் இதுவன்றோ?

நம் நாட்டில்

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் இல்லை. அயல்நாட்டினர் யாவரும் இப்போது 2025ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் அயல்நாட்டினர் சட்டத்திற்கு உட்பட்டவர்கள். எனினும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்ப்பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று. 1996இல் சக்மா மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. 226ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்வதே இங்குள்ள புனராய்வு வழி. 1998இல் குஜராத் உயர் நீதிமன்றம், ஈராக்கிய அகதிகளை ஆபத்துள்ள இடத்திற்குத் திருப்பி அனுப்பலாகாது என்னும் நெறி 21ஆம் பிரிவிலேயே அடங்கியுள்ளது என்றது.

ஆனால் 2021 ஏப்ரல் 8 அன்று ரோகிங்கியாக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடுகடத்தலுக்குத் தடை விதிக்க மறுத்தது. நாடுகடத்தப்படாதிருக்கும் உரிமை குடிமக்களுக்கே உரியது என்றும், விதிக்கப்பட்ட நடைமுறையைப் பின்பற்றாமல் அவர்களை அனுப்பலாகாது என்றும் கூறியது. நடைமுறை என்னும் அந்த ஒரு சொல்லே இன்று அவர்களுக்கு எஞ்சியிருக்கும் பிடிமானம்.

அறிந்திருக்க வேண்டியவை

மறுப்புக் கடிதத்தைக் காரணங்களுடன் எழுத்தில் பெற்று, கிடைத்த தேதியைக் குறித்து வையுங்கள். பிரிட்டனில் புனராய்வுக்குத் தாமதமின்றி, மிஞ்சினால் 3 மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். கனடாவுக்குள் எடுக்கப்பட்ட முடிவாயின் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அனுமதி கோர 15 நாட்களே அவகாசம். வழக்குத் தொடுத்ததாலேயே நாடுகடத்தல் எப்போதும் நின்றுவிடாது. இடைக்காலத் தடையையும் சேர்த்துக் கேட்பது அவசியம். இங்கே ஐ.நா. அகதிகள் ஆணைய அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தால், அவ்வலுவலகத்திலேயே மேல்முறையீடு செய்யலாம்.

கட்டுக்கதை புனைந்து தரும் ஏஜென்டுகளை நம்பாதீர்கள். ஒரு பொய் வெளிப்பட்டால் கூறிய உண்மைகளும் எடுபடாமல் போகும். வழக்கறிஞருக்குப் பொருளில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகி, தமக்கு இலவச உதவிக்குத் தகுதி உண்டா என்று கேட்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் உள்ளோருக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் வருமானம் பாராது அவ்வுதவிக்கு வழி செய்திருக்கிறது. நம் ஜமாஅத்துகள் இத்தகையோருக்கு உணவும் உடையும் அளிப்பதுடன், ஒரு நல்ல வழக்கறிஞரிடம் உரிய நாளில் அழைத்துச் செல்வதும் பேருதவியே.

இணைவைப்போரில் ஒருவர் அடைக்கலம் கேட்டாலும் அளித்து, அவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்துவிடுமாறு தவ்பா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. வாசலில் வந்து நிற்பவர் எந்த மொழியினர், எந்த மதத்தினர் என்பதைப் பார்க்குமுன், அவர் சொல்ல வந்ததைச் செவிமடுப்போம். அவர் செல்ல வேண்டிய வழியை அறிந்து சொல்வோம். வல்ல அல்லாஹ் அதற்கு நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.