மகன்கள் இருக்கும்போதே பேரனுக்கு மகுடம்... 4 ஆண்டில் எரிந்த அரண்மனை! மிங் பேரரசில் நடந்தது என்ன?

1402-ம் ஆண்டு ஜூலை மாதம். சீனத் தலைநகர் நான்ஜிங்கில் அரண்மனை கொழுந்துவிட்டு எரிகிறது. பேரரசர் ஜியான்வென்னுக்கு வயது 24. படையோடு நகருக்குள் நுழைந்தவர் எதிரி நாட்டு மன்னர் இல்லை, அவரோட சொந்தச் சித்தப்பா!

இந்தச் சண்டைக்கு விதை போட்டவர் தாத்தா ஹோங்வு. ஏழை விவசாயி வீட்டில் பிறந்து, மங்கோலியர் ஆட்சியை விரட்டி, 1368-ல் மிங் பேரரசை உருவாக்கியவர். மொத்தம் 26 மகன்கள். மூத்தவர்தான் பட்டத்து இளவரசர். ஆனா 1392-ல் அவர் இறந்துபோனார்.

அடுத்த மகனுக்கு ஏன் கொடுக்கவில்லை?

மூத்தவர் இறந்தால் அவரோட மகனுக்குத்தான் உரிமை என்பது மரபு. நாலாவது மகன் ஜு டி போரில் கெட்டிக்காரர். ஆனா அவரை உட்கார வைத்தால் ரெண்டாவது, மூணாவது மகன்களை எங்கே வைப்பது? அதனால் 15 வயதுகூட நிரம்பாத பேரனே வாரிசு ஆனார்.

தாத்தா செய்த தவறு

எல்லையைக் காக்க மகன்களுக்குப் பகுதிகளும் படையும் கொடுத்தார் ஹோங்வு. இன்னொரு பக்கம், ஆட்சிக்கு ஆபத்து என்று சந்தேகப்பட்ட தளபதிகளைத் தீர்த்துக்கட்டினார். 1393-ல் தளபதி லான் யூ மீதான வழக்கில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். பேரனுக்குப் பாதை போடுவதாக நினைத்திருப்பார். போர் வந்தபோதோ, பேரன் பக்கம் தேர்ந்த தளபதிகள் சிலரே மிஞ்சியிருந்தார்கள்.

1398-ல் ஹோங்வு இறந்தார். அதற்குள் ரெண்டாவது, மூணாவது மகன்களும் இறந்திருந்தார்கள். உயிரோடு இருந்தவர்களில் மூத்தவர் இப்போ ஜு டி. வயது 38, கையில் வடக்குப் படை. இருந்த இடம் பெய்பிங், அதாவது இன்றைய பெய்ஜிங்.

புதிய பேரரசர் சித்தப்பாக்களின் அதிகாரத்தை ஒவ்வொன்றாகப் பறித்தார். ஒருவர் குடும்பத்தோடு தீக்குளித்தே இறந்தார். ஆபத்தான ஆளை விட்டுவிட்டு மற்றவர்களை முதலில் தொட்டதுதான் பெரிய பிழை. ஜு டி பைத்தியம் போல நடித்து நாளைக் கடத்தியதாகச் சொல்லப்படுகிறது. இத்தனைக்கும் அவரோட மூன்று மகன்களும் நான்ஜிங்கில் பேரரசரின் பிடியில்தான் இருந்தார்கள். 1399-ல் அந்த மூவரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பிவைத்தார் ஜியான்வென்!

சில மாதங்களிலேயே போர் வெடித்தது. 'பேரரசரை எதிர்க்கவில்லை, கெட்ட அமைச்சர்களை அகற்றவே வருகிறேன்' என்றார் ஜு டி. மூன்று ஆண்டுகள் இழுபறி. கடைசியில் வழியில் இருந்த ஊர்களை விட்டுவிட்டு நேராகத் தலைநகருக்கு வந்தார். கோட்டைக் கதவைத் திறந்துவிட்டவர்களில் ஒருவர், முன்பு பேரரசரின் படைக்கே தலைமை தாங்கிய லி ஜிங்லோங்.

ஜியான்வென் இறந்தாரா?

கருகிய உடல்தான் கிடைத்தது. அது பேரரசர்தான் என்று அறிவித்தார் ஜு டி. துறவி வேடத்தில் தப்பிவிட்டார் என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை.

யோங்லே என்ற பெயரில் அரியணை ஏறிய ஜு டி, பதவியேற்பு ஆணை எழுத மறுத்த அறிஞர் ஃபாங் ஷியாவ்ரூவைக் கொன்றார். உறவினர்களையும் விடவில்லை. அண்ணன் மகன் ஆண்ட 4 ஆண்டுகளையும் கணக்கிலிருந்தே அழித்து, 1402-ஐ 'ஹோங்வு 35' ஆக்கினார். இறந்தவர் ஆட்சி தொடர்ந்த மாதிரி! அந்த ஆண்டுகள் ஜியான்வென் பெயரில் திரும்ப வந்தது 1595-ல்தான்.

ஜெங் ஹேயின் கடற்பயணங்களை அனுப்பியவரும் இந்த யோங்லேதான். காணாமல் போன ஜியான்வென்னைத் தேடுவதும் அதற்கு ஒரு காரணம் என்கிறது மிங் வரலாற்று நூல். அந்தப் பயணத்தில் இலங்கையின் காலியில் நிறுவப்பட்ட 1409-ம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது.

மறுபடியும் ஒரு சித்தப்பா

1424-ல் யோங்லே இறந்தார். அவர் மகன் ஓராண்டுகூட ஆளவில்லை. 1425-ல் பேரன் ஷுவாண்டே பேரரசரானார். அடுத்த ஆண்டே கிளம்பினார் இன்னொரு சித்தப்பா, ஜு காவ்ஷு. 1399-ல் ஜியான்வென் திருப்பி அனுப்பிய அதே மூன்று மகன்களில் ஒருவர்! ஆனா இந்த அண்ணன் மகன் தானே படையோடு போய் ஊரை வளைத்தார். சித்தப்பா வெளியே வந்து சரணடைந்தார்.