பி.எட் சிறப்புக் கல்வி: பட்டத்தை விட முக்கியமான ஒரு எண்!

ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ டிகிரி முடித்த ஒருவர் ‘பி.எட் சிறப்புக் கல்வி’ படிக்க நினைத்தால், முதலில் விசாரிப்பது சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தைத்தான். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி கலை, அறிவியல் கல்லூரிகள் எல்லாம் அதன்கீழ்தானே இருக்கின்றன! ஆனா, பி.எட் கணக்கே வேற.

எங்கே படிப்பது?

மாநிலத்தின் பி.எட் கல்லூரிகள், 2008-ல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டவை. வேலையை விடாமல் படிக்க விரும்புபவர்களுக்காக, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டரை ஆண்டு சிறப்புக் கல்வி பி.எட் படிப்பைத் தொலைநிலையில் நடத்தியிருக்கிறது. தொலைநிலைதானே என்று அலட்சியம் வேண்டாம். நேரடி வகுப்பும் செய்முறைப் பயிற்சியும் உண்டு.

சாதாரண பி.எட்-டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

செவித்திறன், பார்வைத்திறன், அறிவுசார் குறைபாடு என ஏதாவது ஒரு பிரிவை எடுத்துப் படிக்க வேண்டும். ஒரே பாடத்தை வகுப்பு முழுமைக்கும் நடத்துவது மட்டுமல்ல, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் திட்டம் போடவும் கற்றுத்தருவார்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், கற்றல் குறைபாடு உட்பட 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது.

அது என்ன எண்?

ஆர்.சி.ஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்தான் அது. கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்தால்தான் இது கிடைக்கும். பதிவு இல்லாமல் சிறப்பு ஆசிரியராகப் பணிபுரிவது, 1992-ம் ஆண்டு ஆர்.சி.ஐ சட்டப்படி குற்றம். ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் சேர்ந்தால், பணமும் போச்சு, வருஷமும் போச்சு.

சரி, வேலை கிடைக்குமா?

தேவை நிச்சயம் இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பு ஆசிரியர்கள் வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கான பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட்டது.

சிக்கல் என்னவென்றால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வேலை செய்யும் சிறப்புப் பயிற்றுநர்கள் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். வட்டார வள மையத்தை மையமாக வைத்து பள்ளி பள்ளியாக, பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளின் வீடு வீடாகப் போவதுதான் அவர்கள் வேலை. பணி நிரந்தரம் அவர்களின் நீண்ட நாள் கோரிக்கை. ‘படிச்சதும் கவர்மென்ட் வேலை’ என்று யாராவது அடித்துச் சொன்னால், உடனே நம்பிவிட வேண்டாம்.

சேர்வதற்கு முன்…

* கல்லூரியின் பெயர் ஆர்.சி.ஐ இணையதளப் பட்டியலில் இருக்கிறதா?
* நீங்கள் எடுக்கும் பிரிவுக்கும், நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கும் அனுமதி இருக்கிறதா?
* செய்முறைப் பயிற்சி எந்தப் பள்ளியில், எத்தனை நாள்?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு ஃபீஸ் கட்டினால் போதும்.