மர்யமின் மைந்தர் ஈஸா நபி

ஏசுநாதர் கிறிஸ்தவர்களுக்கு மாத்திரமே உரியவர் என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே அநேகர். ஒரு முஸ்லிம் அன்பர் அவருடைய பெயரைச் சொல்லும்போதெல்லாம் "அவர் மீது சாந்தி உண்டாவதாக" என்ற வாழ்த்தையும் சேர்த்தே சொல்லுகிறார் என்பதும், அவரை நபியென்று ஒப்புக்கொள்ளாதவர் முஸ்லிமாக இருக்கவே இயலாது என்பதும் அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கும். இதற்கு நேர்மாறாக, "எல்லாம் ஒன்றுதானே, பெயர்தானே வேறு!" என்று ஒரே வாக்கியத்தில் விஷயத்தைத் தீர்த்துவிடுகிறவர்களும் உண்டு. நான் பாடம் சொல்லும் வகுப்பில் இவ்விரு கட்சியாரும் ஒரே பெஞ்சியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதற் கட்சியாருக்கு விஷயம் தெரியாது. இரண்டாவது கட்சியாரோ, தெரிந்துகொள்ள வேண்டிய சிரமத்தைத் தவிர்க்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் எதை உயிரினும் மேலாகப் போற்றுகிறார் என்பதை அறியாமலே பல தலைமுறைகள் அருகருகே வாழ்ந்துவிடலாம். ஆனால் ஏதேனும் ஒரு நாள் வாக்குவாதம் வரும்போது அந்த அறியாமைக்குப் பெரிய விலை கொடுக்க நேரிடுகிறது.

அரபு மொழியில் ஏசுநாதரின் பெயர் ஈஸா. நம் தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பங்களில் ஈஸா, யஹ்யா, ஜகரிய்யா என்று ஆண் மக்களுக்கும், மர்யம் என்று பெண் மக்களுக்கும் பெயரிடுவது உண்டு. (ஈஸா என்பதை 'ஈசன்' என்னும் சொல்லோடு முடிச்சுப் போட்டு மகிழ்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது வெறும் ஒலி ஒற்றுமை. இரண்டு சொற்களுக்கும் யாதொரு உறவும் இல்லை.) திருக்குர்ஆனில் ஈஸாவின் பெயர் 25 இடங்களில் வருகிறது, அவருடைய அன்னை மர்யமின் பெயரோ 34 இடங்களில் வருகிறது. அவ்வேதத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பெறும் ஒரே பெண்மணி மர்யம்தான். ஆதி மனிதரின் துணைவிக்குக்கூட அங்கே பெயர் சொல்லப்படவில்லை. 114 அத்தியாயங்களுள் 19-ஆவது அத்தியாயத்துக்கு மர்யம் என்பதே தலைப்பு. இன்னொரு நுட்பமும் உண்டு. தந்தையின் பெயரைச் சொல்லியே ஒருவனை இன்னாரென்று அடையாளம் காட்டும் அரபு சமூகத்தில், ஈஸா மட்டும் 'மர்யமின் மகன்' என்றே பெரும்பாலும் அழைக்கப்படுகிறார். அவருக்கு மானிடத் தந்தை இல்லை என்னும் நம்பிக்கை அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

அவருடைய பிறப்பைக் கூறும் பகுதி மனத்தை உருக்குவது. மாட்டுத் தொழுவமும், நட்சத்திரத்தைப் பின்பற்றி வந்த ஞானியரும் அங்கே இல்லை, சூசையப்பரும் இல்லை. மர்யம் தன்னந்தனியாக இருக்கிறார். மனித உருவில் வந்த தேவதூதர் சொன்னபடியே கருவுற்று, மக்களை விட்டுத் தொலைவிலுள்ள ஓரிடத்துக்குச் சென்றுவிடுகிறார். பிரசவ வேதனை அவரை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. இதற்கு முன்பே தாம் இறந்து, எல்லோராலும் மறக்கப்பட்டுப் போயிருக்கலாகாதா என்று அந்த இளம்பெண் புலம்புகிறாள். அப்போது, வருந்த வேண்டாமென்று ஒரு குரல் கேட்கிறது. காலடியில் ஒரு நீரோடை பிறக்கிறது. மரத்தைப் பிடித்து உலுக்கினால் கனிந்த பழங்கள் உதிருகின்றன. குழந்தையை ஏந்தி ஊருக்குத் திரும்பியதும் சுற்றத்தார் தூற்றுகிறார்கள். மௌன விரதம் பூண்டிருந்த மர்யம் பதில் பேசாமல் குழந்தையைச் சுட்டிக் காட்டுகிறார். தொட்டிற் குழந்தை வாய் திறந்து பேசுகிறது. தாம் இறைவனின் அடிமை, தமக்கு வேதம் அருளப்பட்டிருக்கிறது, தாம் ஒரு நபி என்பதே அது உலகுக்குச் சொன்ன முதற்செய்தி. தாயின் மானத்தைக் காத்த அதே வாக்கு, அக்குழந்தையைத் தெய்வமாக்க விரும்புவோருக்கும் விடையாக அமைந்துவிடுகிறது.

பிற்காலத்தில் அவர் குருடரையும் தொழுநோயாளரையும் குணப்படுத்தினார், இறந்தோரை எழுப்பினார், களிமண்ணால் பறவை செய்து அதில் ஊதி உயிருடன் பறக்கவிட்டார் என்றெல்லாம் திருக்குர்ஆன் கூறுகிறது. களிமண் பறவையின் கதை நான்கு சுவிசேஷங்களில் இல்லை. ஆனால் ஏசுநாதரின் பாலப் பருவத்தைப் பற்றி முற்காலக் கிறிஸ்தவர்களிடையே வழங்கிய நூலொன்றில் காணப்படுகிறது. ஒவ்வோர் அற்புதத்தையும் சொல்லும்போது, அது இறைவனின் அநுமதி கொண்டே நிகழ்ந்தது என்ற குறிப்பைத் திருக்குர்ஆன் விடாமல் சேர்க்கிறது. தந்தையின்றிப் பிறந்தது தெய்விகத்துக்கு அத்தாட்சியாகாதா என்று கேட்பவருக்கு அது தரும் பதில் ஆதாமின் உதாரணம். ஆதாமுக்குத் தந்தையும் இல்லை, தாயும் இல்லை. ஆயினும் அவரை யாரும் கடவுள் என்று சொல்வதில்லை. இதைவிடச் சுருக்கமாக ஒரு நியாயத்தை எடுத்துரைக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

இந்தக் கொள்கை ஒரு சமயம் சிலருடைய உயிருக்கே சோதனையாக வந்து வாய்த்தது. கி.பி. 615-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மக்காவின் குறைஷிப் பிரமுகர்களுடைய கொடுமை தாங்க இயலாமல், முகம்மது நபியைப் பின்பற்றியோரில் ஒரு சாரார் செங்கடலைக் கடந்து அபிஸீனியாவில் அடைக்கலம் புகுந்தார்கள். அந்நாட்டரசர் நஜ்ஜாஷி கிறிஸ்தவர். குறைஷிகள் சும்மா இருப்பார்களா? அம்ர் இப்னுல் ஆஸ் என்ற சாதுரியசாலியையும் இன்னொருவரையும், அந்நாட்டில் மதிப்புப் பெற்றிருந்த பதனிட்ட தோல்களைக் காணிக்கையாகக் கொடுத்து அனுப்பி, ஓடிவந்தவர்களைத் தங்களிடம் ஒப்புவித்துவிடும்படி கேட்டார்கள். நடந்ததை எட்டாம் நூற்றாண்டுச் சரித்திராசிரியரான இப்னு இஸ்ஹாக் விரிவாக எழுதியிருக்கிறார்.

அரசர் அகதிகளை அழைத்து விசாரித்தார். முகம்மது நபியின் பெரிய தந்தை மகனான ஜஅஃபர் அவர்களின் சார்பில் பேசினார். உங்கள் நபி கொண்டுவந்த வேதத்தில் ஏதேனும் சொல்லும் என்று அரசர் கேட்டபோது, மர்யம் அத்தியாயத்தின் தொடக்கப் பகுதியை ஓதினார். கேட்ட அரசர் தாடி நனையக் கண்ணீர் விட்டாராம். சூழ்ந்திருந்த குருமார்களும் அழுதார்களாம். காணிக்கை கொண்டுவந்தவர்களுக்கு அன்று தோல்வி.

ஆனால் அம்ர் எளிதில் விடுகிறவரல்லர். மறுநாள் மீண்டும் அரசரிடம் சென்று, மர்யமின் மகனைப் பற்றி இவர்கள் பயங்கரமான வார்த்தை சொல்லுகிறார்கள், கேட்டுப் பாருங்கள் என்றார். அவர் அடிமை என்கிறார்களாம்! அகதிகள் மறுபடியும் அழைக்கப்பட்டார்கள். முதல் நாள் ஓதிய பகுதி கிறிஸ்தவரின் நெஞ்சுக்கு இனியது. இந்தக் கேள்விக்குரிய பதிலோ அப்படிப்பட்டதன்று. உண்மையைச் சொன்னால் மக்காவுக்குத் திருப்பி அனுப்பப்படலாம்; மழுப்பினால் பிழைக்கலாம். அவர்கள் கூடிப் பேசினார்கள். வருவது வரட்டும், நம் நபி கற்பித்ததையே சொல்வோம் என்று முடிவு செய்தார்கள். ஈஸா இறைவனின் அடிமை, அவனுடைய தூதர், அவனிடமிருந்து வந்த ஆவி, கன்னி மர்யமிடம் அவன் சேர்ப்பித்த வாக்கு என்று ஜஅஃபர் அரசவையில் கூறினார். அரசர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தார். நீர் சொன்னதற்கும் ஈஸாவின் உண்மை நிலைக்கும் இந்தக் குச்சியளவு வித்தியாசமும் இல்லை என்றார். சேனாதிபதிகள் மூக்கால் சீறினார்கள். நீங்கள் சீறினாலும் சரியே என்று சொல்லிவிட்டு, அகதிகளுக்கு அபயமளித்து, காணிக்கைகளைத் திருப்பியனுப்பிவிட்டார் அரசர். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் காலமான செய்தி மதீனாவுக்கு எட்டியபோது, முகம்மது நபி தம் தோழர்களை வரிசையாக நிறுத்தி, தொலைவில் இறந்த அவருக்காகத் தொழுகை நடத்தினார் என்பது முஸ்லிம்கள் மிகவும் நம்பத்தக்கதாகக் கொள்ளும் செய்தி.

குச்சியளவும் வித்தியாசமில்லை என்று அந்த அரசர் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார். சமய சாஸ்திரிகள் அவ்வாறு சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. வேற்றுமை பெரிது. ஏசுநாதர் தேவகுமாரர் என்பது கிறிஸ்தவத்தின் உயிர்நிலை. இறைவன் ஒருவனே, அவனுக்கு மகவும் இல்லை, இணையும் இல்லை என்பது இஸ்லாத்தின் உயிர்நிலை. எருசலேமில் கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரீ 72-இல், அதாவது கி.பி. 691-92-இல், எழுப்பிய பாறைக் குவிமாடத்தின் உட்புறத்தில் பொன்னிற எழுத்துக்கள் ஓடுகின்றன. வேதத்தையுடையோரை விளித்து, மதத்தில் வரம்பு மீற வேண்டாம், மூன்று என்று சொல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தும் வசனங்கள் அவற்றில் உள்ளன. அதே வரிகள் ஈஸாவுக்கு அவர் பிறந்த நாளிலும் இறக்கும் நாளிலும் உயிர்த்தெழும் நாளிலும் சாந்தி கூறுகின்றன. மறுப்பும் வாழ்த்தும் ஒரே சுவரில் இருக்கின்றன. ஒன்றை மாத்திரம் படித்துவிட்டுத் திரும்புகிறவர் பாதியைத்தான் படித்தவராவார்.

இரண்டாவது வேற்றுமை சிலுவை. அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை, அவ்வாறு நடந்ததாகத் தோன்றச் செய்யப்பட்டது, இறைவன் அவரைத் தன்பால் உயர்த்திக்கொண்டான் என்பது திருக்குர்ஆனின் கூற்று. தோன்றச் செய்யப்பட்டது என்பதன் பொருளைப் பற்றி உரையாசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அவருடைய சாயல் வேறொருவர் மீது படிந்தது, அவரே சிலுவையில் ஏற்றப்பட்டார் என்பது பெருவழக்கான விளக்கம். அஹ்மதியா இயக்கத்தாரோ, ஈஸா சிலுவையில் உயிர் துறக்காமல் தப்பிக் காஷ்மீரம் வந்து முதுமையில் காலமானார் என்கிறார்கள்; ஏனைய முஸ்லிம்கள் அதை ஏற்பதில்லை. சிலுவை மரணம் இல்லையெனில் கிறிஸ்தவருக்கு மீட்பு இல்லை. ஆதாமின் பாவம் சந்ததிக்குத் தொடர்வதில்லை, ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்று கொள்ளும் இஸ்லாத்துக்கோ அத்தகைய பலி தேவைப்படவில்லை. ஆகவே இது ஒரு சம்பவம் நடந்ததா இல்லையா என்ற சரித்திரச் சச்சரவு மாத்திரமன்று; மனிதனுக்கு என்ன குறை, அதற்கு என்ன மருந்து என்பதைப் பற்றிய அடிப்படைப் பிரிவு.

பிரிவு இவ்வளவு தெளிவாக இருந்தும் பேச்சு நின்றுவிடவில்லை. அரபு நாட்டின் தென்பகுதியிலுள்ள நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவத் தூதுக் குழுவொன்று கி.பி. 631-ஐ ஒட்டி மதீனாவுக்கு வந்து, ஈஸாவைப் பற்றி முகம்மது நபியுடன் வாதித்தது. தங்கள் வழிபாட்டு நேரம் வந்தபோது அவர்கள் நபியின் பள்ளிவாசலிலேயே கிழக்கு நோக்கி வழிபட்டார்கள் என்றும், அதைத் தடுக்க முயன்றவர்களை நபி தடுத்துவிட்டார் என்றும் இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். வாதம் முடிவுக்கு வரவில்லை. உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

சாஸ்திர விவாதத்தைக் காட்டிலும் எனக்கு ருசிப்பது ஈஸாவைப் பற்றிய கதைகள். முஸ்லிம் ஞானியரும் அறிஞரும் பல நூற்றாண்டுகளாக அவருடைய வாக்குகளையும் செய்கைகளையும் போற்றி எழுதிவந்திருக்கிறார்கள். தரீஃப் காலிதி என்ற பாலஸ்தீன அறிஞர் 2001-இல் வெளியிட்ட தொகுப்பில் 303 உருப்படிகள் இருக்கின்றன. அவற்றில் வரும் ஈஸா வீடுவாசல் இல்லாத துறவி. அவரிடம் ஒரு சீப்பும் ஒரு கிண்ணமும் மாத்திரம் இருந்தனவாம். ஒருவன் விரல்களால் தாடியைக் கோதுவதைக் கண்டு சீப்பை எறிந்தார்; இன்னொருவன் ஆற்றுநீரைக் கையால் அள்ளிப் பருகுவதைக் கண்டு கிண்ணத்தையும் எறிந்துவிட்டார். மற்றொரு கதை: செத்துக் கிடந்த நாயைக் கண்டு சீடர்கள் அதன் நாற்றத்தைப் பழித்தபோது, அவர் அதன் பற்கள் எவ்வளவு வெண்மை என்று வியந்தார். ஹதீஸ் நூலில் வரும் செய்தி ஒன்று இன்னும் அருமையானது. ஒருவன் திருடுவதை அவர் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டார். நீ திருடினாயா என்று கேட்டதற்கு, அவன் இறைவன்மீது ஆணையிட்டு இல்லையென்றான். இறைவன் பெயரை நம்பித் தம் கண்களைப் பொய்யென்று கொண்டாராம் ஈஸா. (வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் பையன்கள் மறுநாளே ஆணையிடத் தொடங்கிவிடுவார்கள் என்பதையும் ஆசிரியன் என்ற முறையில் குறிப்பிட வேண்டியிருக்கிறது!)

நம் நாட்டிலேயே இதற்குக் கல்லில் பொறித்த சாட்சி உண்டு. அக்பர் சக்கரவர்த்தி தம் பழைய தலைநகராகிய பதேபூர் சிக்ரியில் எழுப்பிய புலந்த் தர்வாஜா என்னும் மாபெரும் வாயிலில், தென்னாட்டுப் படையெடுப்பை முடித்துத் திரும்பிய பின் 1601-இல் பாரசீகக் கல்வெட்டொன்று சேர்க்கப்பட்டது. மர்யமின் மகன் ஈஸா சொன்னதாக அது ஒரு வாக்கைக் கூறுகிறது. இவ்வுலகத்தைப் பாலமாகக் கருதிக் கடந்து செல்ல வேண்டுமேயன்றி அதன்மேல் வீடு கட்டலாகாது என்பது அதன் கருத்து. பைபிளில் இந்த வாக்கைக் காண இயலாது. முஸ்லிம் நூல்களிலேதான் வழங்குகிறது. வெற்றியின் நினைவாக ஒரு பேரரசர் தம் கோட்டை போன்ற வாயிலில் இதைப் பொறித்தது விந்தைதான். அந்நகரமும் அப்போது பெரும்பாலும் கைவிடப்பட்டிருந்தது.

ஈஸா மீண்டும் வருவார் என்பதிலும் இரு சமயத்தாரும் ஒன்றுபடுகிறார்கள். உலக முடிவுக்கு முன் அவர் டமாஸ்கஸின் கிழக்கே வெண்ணிற மினாராவின் அருகில் இறங்குவார், தஜ்ஜால் என்னும் பொய்யனை வெல்வார், நீதியை நிலைநாட்டுவார் என்று ஹதீஸ்கள் கூறுகின்றன. டமாஸ்கஸின் பெரிய பள்ளிவாசலின் தென்கிழக்கு மினாராவுக்கு 'ஈஸாவின் மினாரா' என்றே பெயர். அந்தப் பள்ளிவாசல் ஒரு காலத்தில் ஸ்நாபக அருளப்பரின் தேவாலயம் இருந்த இடத்தில் எழுந்தது; இன்றும் அதனுள்ளே யஹ்யா நபி என்று முஸ்லிம்கள் அழைக்கும் அருளப்பரின் சமாதியிருக்கிறது. 2001 மே மாதத்தில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் அங்கே வந்து அச்சமாதியின் முன் நின்றார். பள்ளிவாசலுக்குள் சென்ற முதல் போப்பாண்டவர் அவரே.

கிறிஸ்தவர் நம்பிக்கைப்படி அவர் மரணத்தை வென்று எழுந்தவர். மீண்டும் வருவது நியாயத் தீர்ப்பளிக்க. முஸ்லிம்கள் நம்பிக்கைப்படி அவர் இன்னும் மரணத்தைச் சந்திக்கவில்லை. மீண்டும் வந்து வாழ்ந்து, எல்லா மனிதரையும் போல இறக்கவும் வேண்டும். மதீனாவில் முகம்மது நபியும், அவருக்குப் பின் ஆண்ட அபூபக்கரும் உமரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் அறையில் ஒருவருக்கு மாத்திரம் இடம் மீதியிருக்கிறது என்றும், அது மர்யமின் மகனுக்காக என்றும் முஸ்லிம்களிடையே ஒரு பழைய வழக்கு உண்டு.