உளச்சிகிச்சையும் அன்றாட மனத்துயரும்: கொழும்புத் தமிழர் வாழ்வு குறித்த ஒரு நோக்கு

உளச்சிகிச்சை என்றதும் கொழும்பு வாழ் மக்களின் நினைவில் எழுவது அங்கொடை என்னும் ஊர்ப்பெயரே. 1926இல் அங்கு நிறுவப்பட்ட மனநோய் மருத்துவமனை இன்று தேசிய மனநல நிறுவகமாக விளங்குகின்றபோதிலும், ஊர்ப்பெயர் பேச்சுவழக்கில் வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. 'விசர்' பிடித்தவர்க்கே இச்சிகிச்சை உரியது என்னும் பொதுக்கருத்து இதனோடு பிணைந்ததாகும். முற்போக்காளரிடையே வேறோர் ஐயம் உண்டு. சமூக முரண்பாடுகளாற் பிறக்கும் துன்பத்தைத் தனிமனிதரின் உள்ளக் குறைபாடாகக் காட்டி, அநீதிக்கு இசைந்து வாழப் பழக்கும் நடுத்தர வர்க்கச் சாதனமே உளச்சிகிச்சை என்பது அது. இவ்விரு கருத்துக்களும் பரிசீலனைக்குரியன.

மருத்துவமனைக்குச் செல்லும் அளவினதல்லாத, ஆயினும் வாழ்வை அரித்துச் செல்லும் துயரங்களே பெரும்பாலானவை. நம்மவர் அவற்றைப் பெரும்பாலும் உள்ளத்தின் மொழியிற் கூறுவதில்லை. தலையிடி, நெஞ்சுப்பாரம், நித்திரையின்மை என உடலின் மொழியிலேயே கூறுவர். 'ஒரே யோசினை' என்னும் தொடர் சிந்தனையையன்றி, மீளமீளச் சுழலும் கவலையையே குறிக்கும். கொழும்புத் தமிழரைப் பொறுத்தவரை இக்கவலைக்கு வரலாற்றுக் காரணங்களும் உள. 1983 யூலை வன்செயல்களின்போது வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன. 2019 ஏப்ரல் 21இல், கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திற் குண்டு வெடித்தது. போரால் இடம்பெயர்ந்து வந்தோரும், பிள்ளைகளை அயல்நாடுகளுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருப்போரும் இப்பகுதிகளில் வாழ்கின்றனர்.

ஆறுதல் தேடும் வழிகள் நம்மிடம் இல்லாமலில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் ஆலயத்திற்குப் பன்மதத்தவரும் வருவர்; கோயிலில் நேர்த்தி வைப்போர் பலர். இவை துயரத்தை ஒரு பெருந்துணையிடம் ஒப்படைக்கும் ஆற்றல் வாய்ந்தவை. எனினும், துயரம் எவ்வாறு நாளுக்கு நாள் தன்னைப் புதுப்பித்துக்கொள்கின்றது என்பதைத் துயருற்றவரே ஆராய்ந்தறிவதற்கு இவை பெரிதும் இடமளிப்பதில்லை. உளச்சிகிச்சையின் பணி இங்கேயே தொடங்குகின்றது.

வெள்ளவத்தை அடுக்குமாடியொன்றில் தனித்து வாழும் தாயொருவரை உதாரணமாகக் கற்பனை செய்வோம். மகனிடமிருந்து ஒருநாள் தொலைபேசி அழைப்பு வரவில்லை. 'என்னை மறந்துவிட்டான், நான் ஒருவருக்கும் தேவையில்லாதவள்' என அவர் முடிவுகட்டுகின்றார். சோர்வு மேலிட, அயலவரிடம் பேசுவதை நிறுத்துகின்றார். தனிமை பெருக, அம்முடிவு மேலும் உறுதிப்படுகின்றது. உளச்சிகிச்சையாளர் அவருக்குப் புத்திமதி கூறுவதில்லை. முதலில், கண்டனமின்றியும் இரகசியம் பேணியும் செவிமடுக்கின்றார். காள் றொஜர்ஸ் வலியுறுத்திய இந்நம்பிக்கையுறவே ஏனைய யாவற்றுக்கும் அடித்தளம். அடுத்து, நிகழ்ச்சி வேறு, அதற்குத் தாம் அளித்த பொருள் வேறு என்பதை அவரே காண உதவுகின்றார். ஆரொன் பெக் 1960களில் வகுத்த அறிகைச் சிகிச்சையின் சாரம் இதுவே. இறுதியாக, அயல்வீட்டாரோடு ஒருபொழுது உரையாடுதல் போன்ற சிறு செயல்களைத் திட்டமிட்டுச் செய்து, அவற்றின் விளைவை இருவரும் சேர்ந்து நோக்குகின்றனர். மகன் தொலைவிலேயே இருக்கின்றான். ஆனால் துயரின் சுழற்சி உடைகின்றது.

இது வசதி படைத்தோர்க்கே உரியதெனக் கருதவேண்டியதில்லை. கோவா மாநிலத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுற்றோரிடையே நடாத்தப்பட்ட ஆய்வொன்று 2017இல் லான்செற் இதழில் வெளியாயிற்று. அதில் சிகிச்சையளித்தோர் உளவியல் நிபுணரல்லர். பயிற்றப்பட்ட சாதாரண மக்களே. ஆறு முதல் எட்டு அமர்வுகளைக் கொண்ட இச்சிகிச்சைக்கு உட்பட்டோருள் 64 சதவீதத்தினர் மூன்று மாதங்களில் மனச்சோர்வு தணியப்பெற்றனர். வழமையான கவனிப்பை மட்டும் பெற்றோருள் இது 39 சதவீதமே. கொழும்பிலும் 1974 முதல் சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள், சிகிச்சை என்ற பெயரின்றியே, மனமுடைந்தோர்க்குச் செவிகொடுத்து வருகின்றனர்.

இனி முற்போக்காளரின் ஐயத்திற்கு வருவோம். அதில் உண்மை உண்டு. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஓரிலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக உச்சமடைந்தது. பின்னர் அது பெரிதும் வீழ்ச்சியுற்றமைக்கு, கொடிய நச்சுத்தன்மை வாய்ந்த பீடைகொல்லிகள் தடைசெய்யப்பட்டமையே முதன்மைக் காரணமென ஆய்வாளர் கருதுவர். தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கொண்ட சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. சமூக நடவடிக்கைகள் உயிர் காக்கும் என்பதற்கு இவை சான்று. வேலையின்மையையோ இன ஒடுக்குமுறையையோ உரையாடலாற் குணப்படுத்தவும் இயலாது. எனினும், தன் துன்பமெல்லாம் தன் குற்றமே என நம்பி முடங்கியிருப்பவர் அநீதியை எதிர்க்க எழுவதில்லை. தம்மாலாகியது எது, சமூகத்தாலாகியது எது எனப் பிரித்தறிய உதவும் சிகிச்சை, அடங்கிப்போகப் பழக்குவதன்று. செயலுக்குரிய வலுவை மீட்டுத்தருவதாகும்.

அத்தகைய சிகிச்சை தாய்மொழியிலேயே முழுமை பெறும். 'நெஞ்சுப்பாரம்' என்பதை இன்னொரு மொழியிற் பெயர்த்துச் சொல்ல நேரிட்டால், இதய நோயென்ற மயக்கமே எஞ்சும். எனவே தமிழிற் சீர்மியம் செய்ய வல்லோரை உருவாக்குதலும், அதற்கேற்ற சொற்களை மக்களின் பேச்சிலிருந்தே திரட்டுதலும் பல்கலைக்கழகங்களின் கடமையாகும். கொட்டாஞ்சேனையின் நெரிசல் மிக்க ஒழுங்கையொன்றில் வாழும் தொழிலாளியும் கட்டணமின்றி, கூச்சமின்றித் தன் மொழியிற் பேசக்கூடிய இடமொன்று உருவாகும்போதே உளநலம் மக்களின் உரிமையாகும்.